நாய்க்குட்டி 12,000 ரூபாய்தான்... ஆனா கணக்கு அங்க முடியல!

போன ஞாயிற்றுக்கிழமை போட்ட வீடியோவுல, "நாய் வாங்குறதுக்கு முன்னாடி பட்ஜெட் போடுங்க மக்களே"ன்னு ரெண்டே நிமிஷத்துல சொல்லிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிட்டேன். அது பத்தாதுன்னு எனக்கே தெரியும். நாய் வளர்க்குறதுல பணம் ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம்னு தனித்தனியா இல்ல. ஒண்ணைக் கோட்டை விட்டா இன்னொண்ணு வந்து நிக்கும். அப்படி வந்து நின்ன கதை என் வீட்டுலயே இருக்கு. அதனால இந்தத் தடவை வேற யார் கதையும் வேண்டாம், என் கணக்கு நோட்டையே பிரிச்சு வைக்குறேன்.

எங்க வீட்டு நாய் பேரு மணி. பணத்தைப் பத்திப் பேசுறவன் வீட்டு நாய்க்கு வேற என்ன பேரு வைக்குறது! லேப்ரடார். அப்போ கைக்கு வந்த சம்பளம் 32,000 ரூபாய். பாளையங்கோட்டையில மகாராஜ நகர் பக்கம் வாடகை வீடு. ஜங்ஷன் பக்கத்துல ஒருத்தர் வீட்டுல குட்டி இருக்குன்னு கேள்விப்பட்டு, போய்ப் பார்த்து, அன்னைக்கே 12,000 ரூபாய் கொடுத்துத் தூக்கிட்டு வந்துட்டோம். ரசீது கிடையாது. தடுப்பூசிக் கார்டு கிடையாது. "நாப்பது நாள் குட்டி சார், இப்பவே பழக்கினாத்தான் உங்ககிட்ட ஒட்டும்"னு சொன்னார். நானும் தலையாட்டிட்டு வந்தேன்.

முதல் தப்பு அங்கதான். நாய் இனப்பெருக்கம், விற்பனை பத்தி மத்திய அரசு 2017-லயே விதிகள் போட்டிருக்கு. குட்டி போட வச்சு விக்குறவர் மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு செஞ்சிருக்கணும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விக்கவே கூடாது. தாய் நாய்க்குப் பதினெட்டு மாசம் ஆகியிருக்கணும், வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல கூடாது. எட்டு வாரங்கிறது சும்மா போட்ட எண் இல்ல. தாய்ப்பால்ல கிடைக்குற எதிர்ப்பு சக்தி குறையுற நேரமும், முதல் தடுப்பூசி போடுற நேரமும் அதை ஒட்டித்தான் வருது. நடுவுல பிரிச்சுக் கொண்டு வந்தா குட்டி ரெண்டும்கெட்டான் நிலையில நிக்கும்.

மணி அப்படித்தான் நின்னான். வீட்டுக்கு வந்த ஆறாம் நாள் வாந்தி, ரத்தமா போச்சு. பார்வோ. அஞ்சு நாள் டிரிப்ஸ், ஊசி, இரவு பகல் பார்க்காம ஓட்டம். 9,800 ரூபாய். கிரெடிட் கார்டுல தேய்ச்சேன். பிழைச்சுட்டான், அதுவரைக்கும் சந்தோஷம். ஆனா பதிவு பெற்ற ஆள்கிட்ட ரசீதோட, தடுப்பூசிக் கார்டோட வாங்கியிருந்தா இந்த 9,800 ரூபாய் பெரும்பாலும் மிச்சம். குட்டி கொடுத்தவருக்கு போன் போட்டேன், எடுக்கல. ரசீதே இல்லாதவன் எந்த நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியும்?

முதல் வருஷக் கணக்கு

நோட்டுல எழுதியிருக்குறபடியே தர்றேன். குட்டி 12,000. பார்வோ 9,800. தடுப்பூசிகள் எல்லாம் சேர்த்து 3,200. தட்டு, கழுத்துப் பட்டை, கயிறு, படுக்கை 2,500. சாப்பாடு மாசம் 2,600 வீதம் 31,200. கருத்தடை ஆபரேஷன் 5,500. பூச்சி மருந்து, உண்ணி மருந்து 3,600. தீபாவளிக்கும் ஒரு கல்யாணத்துக்கும் வெளியூர் போனப்போ எட்டு நாள் போர்டிங்ல விட்டது, நாளைக்கு 450 வீதம் 3,600. மொத்தம் 71,400 ரூபாய்.

அதாவது என்னோட ரெண்டு மாசச் சம்பளத்தைத் தாண்டி. குட்டியோட விலை இதுல ஆறுல ஒரு பங்குகூட ஒட்டி ஒட்டித்தான் வருது.

அடுத்த வருஷங்கள்ல சாப்பாடு, உண்ணி மருந்து, போர்டிங் அதே அளவு. வருஷாந்திரத் தடுப்பூசிக்கு 1,500, சில்லறை வைத்தியத்துக்கு 3,000. கூட்டினா வருஷத்துக்கு 42,900, மாசத்துக்கு சுமார் 3,600. லேப்ரடார் ஒரு 12 வருஷம் இருக்கும்னு வச்சுக்கிட்டா, விலைவாசி ஏறவே ஏறாதுன்னு நம்பினாலும், மொத்தச் செலவு 5,43,300 ரூபாய். இதை எஸ்ஐபி-ல போட்டிருந்தா எவ்வளவு ஆகியிருக்கும்னு கமெண்ட்ல யாராச்சும் கேப்பீங்க. அந்தக் கணக்கை நான் போட மாட்டேன். அப்படிப் பார்க்க ஆரம்பிச்சா யாரும் பிள்ளை பெத்துக்க முடியாது. நாய் முதலீடு இல்ல, செலவு. தெரிஞ்சு செய்யுற செலவா இருக்கணும், அவ்வளவுதான்.

வரி விஷயத்தையும் இங்கயே முடிச்சுடுறேன். 80டி பிரிவுல கணவன், மனைவி, பிள்ளைங்க, அப்பா அம்மாவுக்குத்தான் மருத்துவச் செலவுக் கழிவு, நாய்க்குக் கிடையாது. கால்நடை மருத்துவச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. கடையில வாங்குற பாக்கெட் நாய் உணவுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. நாங்க பாக்கெட்டைப் பாதியாக் குறைச்சு, டாக்டர்கிட்ட அளவு கேட்டு, சோறும் கோழியும் வேக வச்சுப் போட ஆரம்பிச்சதுக்கு அதுவும் ஒரு காரணம்.

300 ரூபாயைத் தள்ளிப் போட்டது

மூணாவது வருஷம். மணிக்கு ரேபிஸ் ஊசி போட வேண்டிய மாசத்துல வண்டி இன்சூரன்ஸும் வந்தது. "அடுத்த மாசம் போட்டுக்கலாம், வீட்டுக்குள்ளயேதான கிடக்கான்"னு தள்ளிப் போட்டேன். அடுத்த மாசம் மறந்தே போச்சு. ஊசி விலை 300 ரூபாய்.

ஒரு சனிக்கிழமை காலையில தண்ணி கேன் போடுற தம்பி வந்தான். கேட்டைத் திறந்து வச்சது நான். மணி கட்டுல இல்ல. கேனை இறக்கக் குனிஞ்சவனோட கெண்டைக்காலைக் கவ்விட்டான். நாலு பல் பதிஞ்சு ரத்தம். அந்தத் தம்பி அழல, கோவப்படல. "ஊசி போட்டிருக்கா அண்ணாச்சி?"ன்னு மட்டும்தான் கேட்டான். எனக்கு வாய் திறக்கல.

அதுக்கப்புறம் செஞ்சதுல ஒண்ணு மட்டும் சரி. பக்கத்து வீட்டு மாமா மஞ்சப்பொடியோட ஓடி வந்தார். வேண்டாம்னு சொல்லிட்டு, குழாயைத் திறந்து விட்டு சோப்புப் போட்டுப் பதினஞ்சு நிமிஷம் கழுவினோம். இதை எல்லாரும் மனசுல வச்சுக்கோங்க. மஞ்சள், மிளகாய்ப்பொடி, காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் காயத்துல வைக்கக் கூடாது. ரேபிஸ் வைரஸைக் குறைக்க நம்ம கையில இருக்குற முதல் மருந்து சோப்பும் ஓடுற தண்ணியும்தான். அப்புறம் நேரா ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரி. அரசு ஆஸ்பத்திரியில தடுப்பூசி இலவசம். ரத்தம் வர்ற அளவுக்குக் கடிச்சிருந்தா காயத்தைச் சுத்திப் போடுற இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேணும். தோலுக்குள்ள போடுற முறையில கடிச்ச அன்னைக்கு, மூணாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள்னு நாலு தடவை போகணும். கடிச்ச நாயைப் பத்து நாள் கட்டிப் போட்டுக் கவனிக்கச் சொல்வாங்க. ஆனா நாய் நல்லா இருக்குன்னு ஊசியை நிறுத்தலாமாங்கிறதை டாக்டர்தான் முடிவு பண்ணணும், நாயோட ஓனர் இல்ல.

ஊசி இலவசம், சரி. அந்தத் தம்பியோட நாள் சம்பளம் இலவசம் இல்லையே. அவனுக்கு ஒரு நாளைக்கு 600 ரூபாய். ஊசி நாள் நாலு, வீங்கின காலோட படுத்த நாள் ஒண்ணு, ஆக அஞ்சு நாள் சம்பளம் 3,000. நாலு தடவை போக வர ஆட்டோ 1,200. வெளியில வாங்கின மாத்திரை 340. மொத்தம் 4,540 ரூபாய். கொடுத்தேன். முதல்ல அவன் வாங்க மாட்டேன்னான், அவங்க அம்மாதான் வந்து, "அவன் ஒரு நாள் போகலேன்னா அடுப்பெரியாது அய்யா"ன்னு சொல்லி வாங்கிக்கிட்டாங்க. நான் கொடுத்தது தர்மம் இல்ல, கடன். 300 ரூபாயை மிச்சம் பிடிச்சவன் பதினஞ்சு மடங்கு கட்டினேன். அதுலயும் பத்து நாள் நான் தூங்காம மணியோட வாயையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தது இந்தக் கணக்குல வராது.

அந்தத் தம்பி போலீஸுக்குப் போகல. போயிருந்தா? 2024 ஜூலை 1-லேருந்து அமல்ல இருக்குற பாரதிய நியாய சன்ஹிதாவுல 291-ஆம் பிரிவு இருக்கு. உங்ககிட்ட இருக்குற விலங்கால மனுஷ உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ வரலாம்னு இருக்கும்போது, அதைத் தடுக்கத் தேவையான ஏற்பாட்டைத் தெரிஞ்சோ அலட்சியமாவோ செய்யாம விட்டா, ஆறு மாசம் வரைக்கும் சிறை, அல்லது 5,000 ரூபாய் வரைக்கும் அபராதம், அல்லது ரெண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல இதே குத்தத்துக்கு அபராதம் 1,000 ரூபாய்தான். இது போக, காயம் பட்டவர் சிவில் கோர்ட்டுல நஷ்ட ஈடு கேக்கலாம். அங்க உச்சவரம்பு கிடையாது. கடிபட்டது குழந்தை முகமா இருந்தா பிளாஸ்டிக் சர்ஜரி செலவு எங்க போய் நிக்கும்னு யோசிச்சுப் பாருங்க. 2024 மே மாசம் சென்னை ஆயிரம் விளக்குப் பூங்காவுல அஞ்சு வயசுக் குழந்தையை ராட்வைலர் நாய்கள் கடிச்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அந்தச் சம்பவத்துக்கு அப்புறம்தான் லைசன்ஸ்னு ஒண்ணு இருக்குறதே பல பேருக்குத் தெரிஞ்சது. சென்னை மாநகராட்சியில ஆன்லைன்ல 50 ரூபாய் கட்டி வாங்கலாம், ஒரு வருஷத்துக்குச் செல்லும், ரேபிஸ் ஊசிச் சான்று இல்லாம கிடைக்காது. 2025-ல மைக்ரோசிப்பும் கட்டாயம் ஆக்கினாங்க. லைசன்ஸ் இல்லாம வச்சிருந்தா 5,000 ரூபாய் அபராதம்னு அறிவிச்சாங்க. 50 ரூபாய்க்கும் 5,000 ரூபாய்க்கும் நடுவுல கடைசி நாள் நீட்டிப்புகளும் வழக்கம் போல வந்தது. நம்ம ஊருல இதெல்லாம் யாரு கேக்கப் போறாங்கன்னு இருக்காதீங்க. திருநெல்வேலி மாநகராட்சிக்கு நெல்லை, தச்சநல்லூர், பாளையங்கோட்டை, மேலப்பாளையம்னு நாலு மண்டல அலுவலகம் இருக்கு. உங்க வார்டு எதுல வருதோ அங்க சொத்து வரி கட்டப் போகும்போதே வளர்ப்பு நாய்க்கு என்ன பதிவு, என்ன கட்டணம்னு கேட்டு வாங்கி வச்சுக்கோங்க. கடிச்சதுக்கு அப்புறம் ஸ்டேஷன்ல முதல்ல கேக்குறது அந்தக் காகிதத்தைத்தான்.

இன்சூரன்ஸ் இருக்கான்னா, இருக்கு. பொதுத்துறை நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் உட்பட சில பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் நாய்க்குப் பாலிசி கொடுக்குறாங்க. வாங்கும்போது ஆபரேஷன் செலவைவிட, உங்க நாய் அடுத்தவங்களைக் கடிச்சா அந்த நஷ்ட ஈட்டுக்குக் கவர் இருக்கான்னு முதல்ல பாருங்க. தடுப்பூசி விட்டுப் போயிருந்தா கிளெய்ம் நிக்காது. அதாவது என்னை மாதிரி ஆளுக்கு அந்தப் பாலிசி இருந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது.

"மணிமுத்தாறு ரோட்டுல விட்டுட்டு வாங்க"

கடிச்ச விஷயம் வீட்டு ஓனர் காதுக்குப் போச்சு. "ஒரு மாசம் டைம். நாய் இருக்கணும்னா நீங்க வேற வீடு பாருங்க, நீங்க இருக்கணும்னா நாயை எங்கயாச்சும் விடுங்க." அவர் மேல எனக்குப் பெரிய கோவம் இல்ல. கோவம் என் மேலதான். குடி வரும்போது வாய்ப் பேச்சுல, "நாய் இருக்கு சார்", "சரி, சத்தம் போடாம பாத்துக்கோங்க", அவ்வளவுதான். தமிழ்நாட்டுல 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரசபையில பதிவாகணும். அதுல "ஒரு நாய் வளர்க்க அனுமதி உண்டு"ன்னு ஒரே ஒரு வரி இருந்திருந்தா நான் உக்காந்து பேசியிருக்கலாம். அபார்ட்மென்ட்ல சொந்த வீடு வச்சிருக்குறவங்க நிலைமை வேற: மெஜாரிட்டி தீர்மானம் போட்டுக்கூட அசோசியேஷன் நாய் வளர்க்குறதைத் தடை பண்ண முடியாதுன்னு இந்திய விலங்கு நல வாரியம் 2015-ல வழிகாட்டுதல் கொடுத்திருக்கு. ஆனா வாடகைக்கு விடுறவர் ஒப்பந்தத்துல "நாய் கூடாது"ன்னு எழுதிக் கேட்டா, கையெழுத்துப் போட்டுட்டு அப்புறம் வாரியத்தைக் காட்ட முடியாது.

இந்த நேரத்துலதான் சொந்தக்காரங்க ஐடியா கொடுக்க ஆரம்பிச்சாங்க. "ஏல, இதுக்குப் போய் வீடு மாத்துவியா? கார்ல ஏத்தி மணிமுத்தாறு ரோட்டுல இறக்கி விட்டுட்டு வா. காட்டுப் பக்கம் எதையாச்சும் தின்னு பொழச்சுக்கும்." இன்னொருத்தர் ராமையன்பட்டி குப்பைக் கிடங்கைச் சொன்னார். நான் யோசிக்கவே இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஒரு ராத்திரி முழுக்க யோசிச்சேன்.

இப்படி விட்டுட்டு வர்றதுக்குச் சட்டத்துல பேரு இருக்கு. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960, பிரிவு 11. நியாயமான காரணம் இல்லாம, பட்டினியாலயோ தாகத்தாலயோ வதைபடும்னு தெரிஞ்ச நிலையில ஒரு விலங்கைக் கைவிடுறது குத்தம். அதே பிரிவுல சாப்பாடு தண்ணி நிழல் கொடுக்காம வைக்குறது, ரொம்பக் குட்டையான சங்கிலியில அளவுக்கு மீறி நேரம் கட்டிப் போடுறது, எப்பவும் கட்டியே வச்சிருக்குற நாயை நடக்க விடாம இருக்குறது எல்லாம் வருது. கடைசி ரெண்டையும் நம்ம தெருவுல எத்தனை வீட்டுல பார்க்குறோம்! காலையில கட்டினா ராத்திரிதான் அவிழ்க்குறது. அந்த நாய்தான் கேட்டைத் திறந்தா பாயும். மணியையும் நாங்க வேலை நாள்ல அப்படித்தான் வச்சிருந்தோம்.

இந்தச் சட்டத்துக்குப் பின்னாடி ஒரு மதுரைக்காரம்மா இருக்காங்க. மதுரையில பிறந்து கலாக்ஷேத்ராவை உருவாக்கின ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவை உறுப்பினரா இருந்தப்போ தனிநபர் மசோதாவாக் கொண்டு வந்ததுதான் விதை. அப்புறம் அரசே சட்டம் கொண்டு வந்து, 1962-ல அமைஞ்ச இந்திய விலங்கு நல வாரியத்துக்கு அவங்களே முதல் தலைவர் ஆனாங்க. ஆனா தண்டனை என்ன தெரியுமா? முதல் தடவைக்கு 10-லேருந்து 50 ரூபாய் வரைக்கும் அபராதம். மூணு வருஷத்துக்குள்ள மறுபடி செஞ்சா 25-லேருந்து 100 ரூபாய் அல்லது மூணு மாசம் வரைக்கும் சிறை, அல்லது ரெண்டும். 1960-ல போட்ட தொகை, இன்னும் அப்படியே இருக்கு. பணவீக்கம் வருஷம் 7 சதவீதம்னு வச்சா நம்ம 72 விதிப்படி சுமார் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும். 65 வருஷத்துல 50 ரூபாய் 4,000 ரூபாயைத் தாண்டியிருக்கணும். தண்டனையைக் கூட்ட மத்திய அரசு 2022-ல ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டுச்சு. அது சட்டமா வரல. ஒரு பிளேட் பரோட்டா விலையில முடியுற அபராதம் யாரையும் தடுக்காதுங்கிறது என் எண்ணம். அதே நேரம், விலங்கைக் கொன்னாலோ ஊனமாக்கினாலோ நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவுப்படி அஞ்சு வருஷம் வரைக்கும் சிறை. விஷம் வைக்குறது, வண்டியில கட்டி இழுக்குறது எல்லாம் அங்க வரும். 50 ரூபாய் கட்டிட்டுப் போயிடலாம்னு யாரும் கணக்குப் போட வேண்டாம்.

சரி, மணிமுத்தாறு ரோட்டுக்கு வர்றேன். அந்த ரோடு போய் முட்டுறது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துல. 1988-ல அறிவிச்ச, தமிழ்நாட்டோட முதல் புலிகள் காப்பகம். தாமிரபரணி தண்ணி அங்கேருந்துதான் நமக்கு வருது. அங்க விட்ட வீட்டு நாய் "பொழச்சுக்காது". ஒண்ணு சிறுத்தைக்கு இரையாகும். நாய் ருசி கண்ட சிறுத்தை அடிவாரத்துக் கிராமங்கள்ல வீட்டு வாசல் வரைக்கும் வரும், அப்புறம் ஆடு போகும், ஆளுங்களுக்குப் பயம், கூண்டு வைக்கணும். இல்லன்னா நாய் கூட்டத்தோட சேர்ந்து மானைத் துரத்தும். ரேபிஸும் டிஸ்டெம்பரும் நாய்கிட்டேருந்து காட்டு விலங்குக்குப் பரவும். என் ஒரு மாச வாடகைப் பிரச்சனையைப் பாபநாசத்துல ஆடு வளர்க்குற ஒரு குடும்பத்து தலையில கட்டிட்டு வர்றதுக்குப் பேருதான் அந்த ஐடியா.

நாங்க வீடு மாத்தினோம். கேடிசி நகர் தாண்டி, காம்பவுண்ட் சுவர் உள்ள வீடு. லாரிக் கூலி 4,500. வாடகை மாசத்துக்கு 1,500 கூட, வருஷத்துக்கு 18,000. ஒப்பந்தத்துல நாய் பத்தி ஒரு வரி, எழுத்துல. எனக்குக் கட்டுப்படி ஆச்சு, செஞ்சேன். எல்லாருக்கும் ஆகாது. ஆகாதவங்க தெருவுல விடாம, தெரிஞ்ச ஒரு குடும்பத்துக்கு ஊசிக் கார்டோட எழுதிக் கொடுக்கலாம். அதுக்கு ரெண்டு மூணு மாசம் ஆகும், ஒரு மாசத்துல ஆகாது.

இன்னும் வாங்காதவங்களுக்கு

இனம் தேர்ந்தெடுக்குறதுல காசு நிறைய இருக்கு. 2024-ல தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக், பிரெஞ்சு புல்டாக் உட்பட 11 இனங்கள் நம்ம தட்பவெப்பத்துக்கு ஒத்துவராதுன்னு பட்டியல் போட்டாங்க. நம்ம ஊரு கத்திரி வெயில்ல ஹஸ்கி வச்சிருந்தா நாய்ச் செலவோட கரண்ட் பில்லையும் சேர்த்து எழுதுங்க. ஏசி இல்லாத வீட்டுல ஹஸ்கி வளர்க்குறது கொடுமைன்னே சொல்வேன், சட்டம் என்ன சொன்னாலும்.

அதே கொள்கை ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நாலு நாட்டு இனங்களைத் தூக்கிப் பிடிக்குது. இதுல கன்னியும் சிப்பிப்பாறையும் நம்ம கரிசக் காட்டுப் பிள்ளைங்க, கழுகுமலை கோவில்பட்டிப் பக்கத்து வெயில்ல வளர்ந்தவை. முடி குறைவு, பராமரிப்பு குறைவு. ஆனா ஒரு எச்சரிக்கை. இது முயல் விரட்டுற வேட்டை நாய். ஓட இடம் வேணும். பெருமாள்புரத்துல ரெண்டாவது மாடி ஒத்தை பெட்ரூம் வீட்டுல கன்னியை வச்சா, நாட்டு நாய் வளர்க்குறோம்னு பெருமை மட்டும்தான் மிஞ்சும், சோபா மிஞ்சாது.

குட்டியே வாங்காம தெரு நாயைத் தத்தெடுக்கலாம். உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22-ல கொடுத்த உத்தரவுல, தத்தெடுக்க விரும்புறவங்க உள்ளாட்சி அமைப்புகிட்ட விண்ணப்பிக்கலாம், ஆனா எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராம பார்க்குறது அவங்க பொறுப்புன்னு சொல்லியிருக்கு. தெருவுல கண்ட இடத்துல சோறு வைக்கக் கூடாது, ஒதுக்கின இடத்துலதான் வைக்கணும்னும் அதே உத்தரவு சொல்லுது. ஆபீஸ் போற வழியில பஸ் ஸ்டாண்ட்ல பிஸ்கட் போடுறவங்க இதைக் கவனிக்கணும்.

கிளி வளர்க்கலாமேன்னு நினைச்சீங்கன்னா, அது நாயைவிடப் பெரிய வம்பு. நம்ம ஆச்சி வீட்டுத் திண்ணையில கூண்டுல தொங்கின பச்சைக்கிளி, வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன் இரண்டாம் அட்டவணையில இருக்கு. வளர்க்குறதும் குத்தம், விக்குறதும் குத்தம். மூணு வருஷம் வரைக்கும் சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும் சேர்த்து. அதிர்ஷ்டம் வரும்னு நட்சத்திர ஆமை வாங்குறவங்க முதல் அட்டவணை. அங்க சிறை மூணு வருஷத்துல ஆரம்பிச்சு ஏழு வரைக்கும். லவ் பேர்ட்ஸ், காக்டெயில் மாதிரி வெளிநாட்டுப் பறவைகளுக்கு இந்தத் தடை இல்ல.

செலவைக் குறைக்க நிஜமான வழி ரெண்டு சொல்றேன். ராமையன்பட்டியில அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, 2012-லேருந்து. ஆபரேஷன், ஸ்கேன் மாதிரி பெரிய செலவு வந்தா தனியார்ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி அங்க ஒரு தடவை காட்டிடுங்க. ஜூலை 6 விலங்குவழி நோய்கள் தினம், செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினம். இந்த ரெண்டு நாளை ஒட்டிக் கால்நடைத் துறை இலவச ரேபிஸ் ஊசி முகாம் நடத்தும். உங்க நாயோட ஊசித் தேதியை அதுல ஒண்ணோட பொருத்திக்கிட்டா அந்த 300 ரூபாயும் மிச்சம். மத்ததுக்கு, நாய் பேர்ல தனியா மாசம் 1,000 ரூபாய்க்கு ஒரு ஆர்டி போடுங்க. ரெண்டு வருஷத்துல 24,000 சேரும். பார்வோவோ உண்ணிக் காய்ச்சலோ வந்தா கிரெடிட் கார்டைத் தேய்க்க வேண்டியிருக்காது. இந்த 1,000 ரூபாய் உங்க பட்ஜெட்டுல இடிக்குதுன்னா, இப்போதைக்கு நாய் வேண்டாம். சம்பளம் ஏறட்டும்.

மணிக்கு இப்போ அஞ்சு வயசு. காலையில அரை மணி, சாயங்காலம் அரை மணி நடத்திட்டுத்தான் கட்டுறோம். கேட்டுல போர்டு இருக்கு, உள்ள ஒரு தாழ்ப்பாளும் இருக்கு. வீடு மாறினதால தண்ணி கேன் கடையும் மாறிடுச்சு. அந்தத் தம்பியைப் போன மாசம் சமாதானபுரம் சிக்னல்ல பார்த்தேன். வண்டியில எட்டு கேன். கால் எப்படி இருக்குன்னு கேட்டேன். பேண்ட்டைத் தூக்கிக் காட்டினான், தழும்பு இருந்தது. "இப்ப ஒழுங்கா ஊசி போடுதீங்களா அண்ணாச்சி?"ன்னு கேட்டான். மொபைல்ல கார்டு போட்டோவை எடுத்துக் காட்டினேன். சிக்னல் விழுந்துடுச்சு.